மெய்க்டிலாவில் செத்தவன்

சாம்பசிவன் செத்து இரண்டரை வருஷம் கழித்து, நாற்பத்தேழாம் வருஷம் ஐப்பசி மாதத்தில், காலை பத்து மணிக்கு ஸ்ரீவராகம் அக்ரஹாரத்தில் தன் வீட்டு வாசலில் வந்து நின்று "அம்மா" என்று கூப்பிட்டான்.

பெற்றவள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள் என்று நினைத்தால் உங்களுக்கு அந்தத் தெருவைத் தெரியாது. சுப்புலக்ஷ்மி நறுக்கிக்கொண்டிருந்த பூசணிக்காயை அப்படியே போட்டுவிட்டு நடுக்கூடத்தில் நின்று, "உள்ள வராதேடா! அங்கயே நில்லு! வாத்தியாரைக் கேக்காம படி ஏறப்படாது!" என்று அலறினாள். பிள்ளை உயிரோடு வந்த சந்தோஷம் அவளுக்கு இல்லாமல் இல்லை. அழுதாள், மாரில் அடித்துக்கொண்டாள், பகவானே பத்மநாபா என்று கூவினாள். வாசற்படியைத் தாண்ட மட்டும் விடவில்லை.

இதையெல்லாம் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் வாலாம்பாள், அவனுடைய பெண்டாட்டி. வயது இருபத்துநாலு. மழித்த தலையை மூடியிருந்த நார்மடிப் புடவையை இன்னும் முன்னுக்கு இழுத்து விட்டுக்கொண்டாள். அவன் இளைத்துக் கறுத்திருந்ததோ, காலைச் சாய்த்து நடந்ததோ அவள் மனசில் ஏறவில்லை. இந்தத் தலையை இவர் பார்த்துவிடக் கூடாது, அது ஒன்றுதான் அவளுக்குத் தோன்றியது.

சாம்பசிவன் பட்டாளத்துக்குப் போனது வீராவேசத்தால் அல்ல. டைப் அடிக்கத் தெரியும், உள்ளூரில் உத்தியோகம் கிடைக்கவில்லை, போய்விட்டான். "மெஷினைத் தட்டறதுதான் வேலை, துப்பாக்கியைக் கண்ணால பாக்க வேண்டாம்" என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டுத்தான் ரயில் ஏறினான். இம்பால், கோஹிமா என்றெல்லாம் பேப்பரில் பெயர்கள் வந்தபோது தெருவே கூடி வாசித்தது. ஜப்பான்காரன் ஓடுகிறான், பர்மா திரும்பக் கைக்கு வருகிறது, இன்னும் நாலு மாதத்தில் யுத்தம் தீர்ந்தது என்று பேசிக்கொண்டார்கள். அந்த நாலு மாதத்துக்குள்தான் தந்தி வந்து சேர்ந்தது. பங்குனியில், மெய்க்டிலா என்ற ஊரில், ஹவில்தார் கிளார்க் சாம்பசிவன் சண்டையில் மாண்டுபோனான்.

தந்தியில் இருந்த தேதியைப் பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்த்து, தெருப் புரோகிதர் பட்டாபி வாத்தியார் வளர்பிறை அஷ்டமி என்று திதி குறித்துக் கொடுத்தார். உடம்பு ஊர் வந்து சேரவில்லை. அதற்கும் ஒரு வழி எழுதி வைத்திருக்கிறார்கள். முந்நூற்றறுபது புரச இலைகளைத் தர்ப்பையால் கட்டி ஆள் மாதிரி ஒரு உருவம் செய்து, அதற்குச் சாம்பசிவன் என்று பெயர் சொல்லி, சுடுகாட்டில் வைத்து எரித்தார்கள். பத்தாம் நாள் நாவிதன் வந்தான். வாலாம்பாளுக்கு இடுப்புக்குக் கீழே இறங்கிய தலைமயிர். எல்லாம் கொல்லையில் ஒரு ஓலைக் கூடைக்குள் போயிற்று. சாஸ்திரம் என்றார்கள். நாசமாய்ப் போன சாஸ்திரம் என்று அவள் சொல்லவில்லை, அவளுக்கு அப்போது வாயே வரவில்லை. நான் சொல்கிறேன்.

இப்போது எரித்த ஆள் வாசலில் நிற்கிறான். பட்டாபி வாத்தியார் ஓட்டமும் நடையுமாக வந்தார். அரை நாள் ஏட்டைப் புரட்டினார். கடைசியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சொன்னார்:

"கர்மா பண்ணியாச்சு, அப்போ செத்தவன் செத்தவன்தான். இனிமே இவன் திரும்பப் பொறக்கணும். அண்டாவில நெய்யை விட்டு உக்காத்தி வெச்சு, வெளியே எடுத்து, ஜாதகர்மம் பண்ணணும். பேர் வைக்கணும், சோறு ஊட்டணும், பூணூல் போடணும். எல்லாம் ஆனப்பறம் கல்யாணம்."

"யாரோட?" என்று கேட்டாள் சுப்புலக்ஷ்மி.

"பழைய பார்யாளோடதான். அவளையே திரும்பவும் தாலி கட்டிக்கணும்னு ஸ்பஷ்டமா இருக்கு."

தையில் பிறப்பது, வைகாசியில் கல்யாணம் என்று முடிவாயிற்று. அதற்குள் பெண்ணுக்கு ஓரளவு தலைமயிர் வளர்ந்துவிடும், மீதிக்குச் சவுரி வைத்துப் பின்னிக்கொள்ளலாம் என்று வாத்தியாரே வழியும் சொன்னார். நாவிதனை இனி வர வேண்டாமென்று சொல்லியனுப்பினார்கள். அன்று சாயங்காலம் வாலாம்பாள் மாட்டுத் தொழுவத்தின் பின்னால் போய் நின்று, ஒருவரும் பார்க்காமல், தன் தலையைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டாள். ஏழே ஏழு மாதம். அப்புறம் நெற்றியில் குங்குமம், தலையில் ஒரு முழம் பூ, தெருவில் நாலு பேர் எதிரே ஒதுங்காமல் நடப்பது, ஒரு குழந்தை. சீ, இவ்வளவு ஆசையா எனக்கு என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் தடவுவதை அவள் நிறுத்தவில்லை.

சாம்பசிவனைத் தெருக்கோடி மடத்தில் படுக்க வைத்தார்கள். செத்தவனுக்குச் சோறு அங்கே போயிற்று. கார்த்திகையில் ஏதோ பிராயச்சித்தம் செய்து, பகலில் வீட்டின் வாசலறை வரைக்கும் வரலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். தெருவுக்கு அவன் ஒரே அதிசயம். தினமும் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கதை கேட்டார்கள். டாங்கி வந்தது, நான் இப்படிப் படுத்தேன், அவன் அப்படிப் பாய்ந்தான், காலில் குண்டு பாய்ந்து நினைவு தப்பிப் போய்விட்டது, யாரோ ஒரு புண்ணியவான் எடுத்துக் காப்பாற்றினான். ஒவ்வொரு தடவையும் ஒரு ஜப்பான்காரன் கூடுதலாகச் செத்தான்.

ஒருநாள் மத்தியானம் சுப்புலக்ஷ்மி கண்ணயர்ந்திருந்த நேரத்தில், வாலாம்பாள் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். கொல்லை மதிலுக்கு அந்தப்புறம் அவன் வந்து நின்றான். அவள் முக்காட்டோடு திரும்பிக்கொண்டாள்.

"ரெண்டரை வருஷம் ஒரு கார்டு போட முடியலையா?" என்று கேட்டாள். வந்த நாளிலிருந்து அவள் நெஞ்சில் கிடந்தது அது ஒன்றுதான்.

சாம்பசிவன், யாரிடமாவது சொல்லித் தொலைத்தால் போதும் என்று இருந்தவன் போல, கடகடவென்று சொல்ல ஆரம்பித்தான்.

"அங்க ஒரு பெரிய ஏரி, நம்ம வெள்ளாயணிக் காயல் மாதிரி. அதுங்கரையில ஊர். ஊருக்குக் கிழக்கே விமானம் எறங்கற மைதானம். நாங்க ஊரைப் பிடிச்சாச்சு. பத்து நாள்ல ஜப்பான்காரன் திரும்பி வந்து எங்களைச் சுத்தி வளைச்சுட்டான். ரோடு போச்சு. அரிசி, குண்டு, மருந்து, எல்லாம் ஆகாசத்துலேந்துதான் வரணும். இருட்டினா அவன் மைதானத்துக்குள்ள வந்து குழியில பதுங்கிப்பான். காலம்பற டாங்கி போய் ஒவ்வொரு குழியா அவனைத் துரத்தினப்பறந்தான் விமானம் எறங்கும். நித்தியம் இதேதான். ஆள் பத்தலே வாலாம்பா. சமையல்காரன், வண்ணான், கிளார்க்கு, அத்தனை பேர் கையிலயும் துப்பாக்கியைக் கொடுத்துட்டான். நேக்கு அதைப் பிடிக்கவே தெரியாது."

"ம்."

"என் குழியில கூட இருந்தவன் நயினார். தாழக்குடிக்காரன், ஸ்டோர்ல வேலை. நேக்குத் தமிழ் பேசக் கிடைச்ச ஒரே ஆள். நாலு நாள் ஒரே தண்ணிக் குப்பியில குடிச்சோம். அஞ்சாம் நாள் ஷெல் விழுந்துது. நேக்கு ஒரு கீறல் இல்லே, இந்த நொண்டறதெல்லாம் ஊருக்குத்தான். அவனுக்கு மூஞ்சியே இல்லே."

அவள் கயிற்றை விட்டுவிட்டாள். வாளி கிணற்றுக்குள் போய் விழுந்தது.

"அப்போதான் தோணித்து. என்னோட பே புக்கை, பேரும் நம்பரும் எழுதின சம்பளப் புஸ்தகத்தை, அவன் சட்டைப் பையில வெச்சேன். கழுத்துல நம்பர் போட்ட வில்லை கட்டியிருப்பா, அதையும் மாத்திக் கட்டினேன். அவனோடதை ஏரியில போட்டுட்டேன். ஊர்ந்து ஊர்ந்து வெளியில வந்து, ஒரு கிராமத்துல நம்மூர்க் கடைக்காரர் ஒருத்தர் கிட்ட ஒட்டிண்டேன். ஓடிப்போனவன்னு பிடிச்சா சுட்டே போடுவான். செத்தவனை யார் தேடப்போறா? வெள்ளைக்காரன் போகட்டும், அப்பறம் ஊருக்குப் போலாம்னு இருந்தேன்."

"அப்போ அந்தத் தந்தி நீங்கோ அனுப்பினதுதான்."

"அப்படிச் சொல்லாதேடி. பயந்துட்டேன். சத்தியமா பயம், வேற ஒண்ணும் இல்லே. நோக்கு இப்படியெல்லாம் பண்ணுவான்னு நான் நெனைக்கவே இல்லே."

"நெனைக்கலையா? நீங்கோ ஸ்ரீவராகத்துலதானே பொறந்தேள்?"

யாரிடமும் சொல்லாதே என்று இரண்டு தடவை கெஞ்சிவிட்டுப் போனான். அவன் பயந்ததுகூட வாலாம்பாளுக்குப் பெரிசாகப் படவில்லை. டைப் அடிக்கப் போன மனுஷன், துப்பாக்கியைக் கொடுத்தால் பயப்படாமல் என்ன செய்வான்? ஆனால் உயிர் பிழைத்து, யாரோ ஒருவர் கடையில் உட்கார்ந்து வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, வருஷக்கணக்காக என்னை நினைக்காமல் இருந்தானே! கொன்றுவிடலாம் போல ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தோடேயே அவள் விரல் போய்த் தலையில் முளைத்திருந்த மயிரைத் தொட்டது. இவனை விட்டால் எனக்கு வேறு வழி ஏது? இப்படித்தான் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

மார்கழி பாதியில் உலகம்மை வந்தாள்.

நாஞ்சில் நாட்டிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள், தனியாக. நயினாரின் பெண்டாட்டி. இருபது இருபத்தொன்று இருக்கும். கழுத்தில் தாலி, நெற்றியில் பொட்டு, முகத்தில் மட்டும் வருஷக்கணக்கான தூக்கமின்மை. அவளுக்கு வந்த கடிதத்தில் நயினாரைக் காணவில்லை என்று மட்டும் எழுதியிருந்தது. அதே சண்டையில் செத்ததாகத் தந்தி வந்த ஒருவர் ஸ்ரீவராகத்தில் உயிரோடு திரும்பி வந்திருக்கிறார் என்று யாரோ சொல்லக் கேட்டு விசாரித்துக்கொண்டு வந்துவிட்டாள். வாசலறையில் சாம்பசிவன், பட்டாபி வாத்தியார், இன்னும் தெருக்காரர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அவள் முற்றத்தில் நின்றபடியே பேசினாள்.

"சாமி, ஒங்களப் பத்தி அவிய கடுதாசியில எழுதியிருக்காவ. ஸ்ரீவராகத்துச் சாமிதான் துணைன்னு. அவியளக் கடைசியா எங்க பாத்தியோ? உள்ளதச் சொல்லுங்கோ, கேட்டுக்கிட்டுப் போறேன்."

வாலாம்பாள் உள்ளே கதவை ஒட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லிவிடுவான் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. பெயரை மாற்றிய கதையை விட்டுவிட்டாவது, உன் புருஷன் செத்துப்போனான் அம்மா என்று ஒரு வார்த்தை சொல்லலாமே. சாம்பசிவன் தொண்டையைக் கனைத்தான்.

"காயத்தோட ஏரியைச் சுத்திப் போனதைப் பாத்தேன். உயிரோடதான் இருந்தான். எங்கயாவது கிராமத்துல இருப்பான். வருவான் பாரு. நான் வரலையா?"

தெருக்காரர்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நல்ல வார்த்தை சொன்ன திருப்தி அவர்களுக்கு. உலகம்மை கையெடுத்துக் கும்பிட்டாள். குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டாள். கொல்லைப்பக்கம் போகச் சொன்னார்கள்.

வாலாம்பாள்தான் தண்ணீர் விட்டாள். கையைக் குவித்துக் குடித்துவிட்டு உலகம்மை துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"மாமி, நீங்கதான சாமியோட வீட்டுக்காரி? ஒங்களுக்குக் கொடுத்து வச்சிருக்கு. போனவிய வந்துட்டாவ" என்றாள். "எனக்குத் தெரியல்லே. எங்க ஆளுகளிலே, புருஷன் செத்துப்போனா வேற கெட்டலாம், தப்பு கெடையாது. மாமன் மகன் ஒருத்தரு மூணு வருசமாக் காத்துக்கிட்டு இருக்காரு. தை பொறந்தா வேற பொண்ணு பாத்துருவோம்னு அவிய வீட்டுல சொல்லிட்டாவ. செத்தாச்சுன்னா சரின்னு சொல்லிருப்பேன். இருக்காவன்னு சாமி சொல்லிட்டாரே. இருக்கவியள விட்டுட்டு எப்படிப் போவ? மாட்டேன்னு சொல்லிர வேண்டியதுதான்."

அழவும் இல்லை. எழுந்து சேலையை உதறிக்கொண்டாள்.

அஞ்சு மாதம், அஞ்சே மாதம் என்று வாலாம்பாளின் மனசு அடித்துக்கொண்டது. வைகாசியில் தாலி ஏறினபிறகு ஒரு கடிதம் போட்டால் போதாதா? ஆனால் தையோடு அந்த மாமன் மகன் போய்விடுவான். இவள் காத்திருப்பாள். பத்து வருஷம், இருபது வருஷம், தலை நரைக்கிறவரை, ஏரியில் கிடக்கிற ஒரு வில்லைக்காகக் காத்திருப்பாள். நான் வாயைத் திறந்தால் எனக்குப் பொட்டு போகும். திறக்காவிட்டால் இவளுடைய வாழ்வு போகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, பேசாமல் இருடி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே கொல்லைக் கதவு வரை போன உலகம்மையின் கையைப் பிடித்துவிட்டாள்.

"போகாதே. உன் ஆம்படையான் வரமாட்டார்."

மதிலுக்கு அப்பால் நின்று அவன் சொன்னதையெல்லாம் அவள் ஒன்று விடாமல் சொன்னாள். ஷெல், பே புக், கழுத்து வில்லை, எல்லாம். உலகம்மை நின்றபடி கேட்டாள்.

"என்னைக்கு?"

"பங்குனி வளர்பிறை அஷ்டமி. எங்காத்துல திதி கொடுத்ததெல்லாம் அவருக்குத்தான் போயிருக்கு. நீ பொட்டை அழிக்க வேண்டாம். உனக்குப் பதிலா ரெண்டரை வருஷம் நான் அறுத்தாச்சு. போய்க் கல்யாணம் பண்ணிக்கோ."

உலகம்மை அவள் முக்காட்டைப் பார்த்தாள். குனிந்து அவள் காலைத் தொட்டாள். பிறகு வந்த வழியே போகாமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனாள். வாலாம்பாள் உள்ளே ஓடிக் கதவை ஒட்டி நின்றாள்.

"சாமி, ஒண்ணு கேக்க மறந்துட்டேன்" என்று உலகம்மையின் குரல் கேட்டது. "அவிய சட்டைப் பையில யாரு சீட்டு இருந்துது?"

சாம்பசிவனுக்கு முகம் வெளுத்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

"என்ன உளர்றே? யார் சொன்னா நோக்கு?"

உலகம்மை வாயைத் திறக்கவில்லை. யார் சொன்னது, சொல்லு, சொல்லு என்று அவன் கத்தினான். அவள் கல் மாதிரி நின்றாள், வாலாம்பாளைக் காட்டிக் கொடுக்கவில்லை. அதுதான் வாலாம்பாளுக்குப் பொறுக்கவில்லை. அந்த வீட்டில் அவள் வாசலறைப் பக்கம் கால் வைத்து இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு அத்தனை ஆண்களுக்கும் முன்னால் வந்து நின்றாள்.

"நான்தான் சொன்னேன். அவர் என்கிட்ட சொன்னார், நான் இவ கிட்ட சொன்னேன். பொய்யின்னா சொல்லச் சொல்லுங்கோ."

சாம்பசிவன் சொன்னான். நன்றாகவே சொன்னான். "இவளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. தனியா இருந்து இருந்து என்னெல்லாமோ கற்பனை பண்ணிக்கறா." ஒரு வார்த்தை பிசகவில்லை. தெருக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். உலகம்மைக்கு அவன் முகமே போதுமானதாக இருந்தது. ஒரு வார்த்தையும் பேசாமல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். மாசியில் அவளுக்கும் மாமன் மகனுக்கும் கல்யாணம் நடந்தது என்று பின்னால் தெரிந்தது.

அவள் போனபிறகு வாசலறையில் நடந்ததுதான் அக்கிரமம். வாலாம்பாள் கதவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது.

"இவளோட என்னால குடித்தனம் பண்ண முடியாது" என்றான் சாம்பசிவன். "என்னைத் தூக்குல போடப் பாக்கறா."

"பழையவளைத்தான் பண்ணிக்கணும்னு இருக்கே" என்று இழுத்தார் பட்டாபி வாத்தியார். அவருக்கு மனசாட்சி கொஞ்சம் இருந்தது, அதிகம் இல்லை. ஏட்டை எடுத்துப் புரட்டினார். "அவள் இல்லாத பட்சத்துல வேற கன்னிகையை வரிக்கலாம்னும் இருக்கு. ஆனா இவதான் இருக்காளே?"

"இல்லேன்னு வெச்சுக்குங்கோளேன்" என்றான் சாம்பசிவன்.

ஒருவர் இருமினார். சுப்புலக்ஷ்மிதான் கடைசியில் சொன்னாள்: "அப்படியே வெச்சுப்போம். பின்னெ என்ன பண்றது? பிள்ளை பொழைச்சு வந்ததே பெரிசு."

அவ்வளவுதான். இலைக் கட்டை எரித்து உயிரோடு இருந்தவனைச் சாகடித்தவர்கள், இலைகூடச் செலவில்லாமல் இவளைச் சாகடித்துவிட்டார்கள். கதவுக்குப் பின்னால் ஒருத்தி மூச்சு விட்டுக்கொண்டிருப்பது எல்லோருக்கும் தெரியும்.

தையில் சாம்பசிவன் பிறந்தான். நாற்பது வயதை எட்டிப் பிடிக்கிற ஆண்பிள்ளை, முட்டியை மார்போடு சேர்த்து, இரண்டு கையையும் முஷ்டி பிடித்துக்கொண்டு, நெய் பூசிய அண்டாவுக்குள் உட்கார்ந்திருந்தான். நாலு பேர் பிடித்துத் தூக்கினார்கள். தேனைத் தொட்டு நாக்கில் வைத்தார்கள். புதுசாகச் சாம்பசிவன் என்றே பெயர் வைத்தார்கள். பூணூலும் ஆயிற்று. திருநெல்வேலியிலிருந்து சாவித்ரி என்று ஒரு பெண்ணின் ஜாதகம் வந்தது, பொருந்தியும்விட்டது. பதினேழு வயதாம். இதையெல்லாம் சொன்னால் சிரிப்புக்கூட வரும், சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

வாலாம்பாள் அடுக்களையில் இருந்தாள். அவளோடு யாரும் பேசுவதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் இல்லை. சோறு வடித்தாள், கறி நறுக்கினாள், கிணற்றில் இறைத்தாள். தலைமயிர் இரண்டு விரற்கடை வளர்ந்து, எண்ணெய் காணாமல் சிலிர்த்துக்கொண்டு நின்றது. முக்காட்டை இழுத்து விட்டுக்கொள்வதை அவள் விட்டுவிட்டாள். அது வேறு யார் கண்ணிலும் படவில்லை, சுப்புலக்ஷ்மியின் கண்ணில் மட்டும் பட்டது. பெண் வீட்டார் வரப்போகிறார்கள், இந்தக் கோலத்தில் ஒருத்தி குறுக்கே போனால் கேட்பார்களே!

ஒரு காலை நாவிதன் பெட்டியோடு கொல்லையில் வந்து உட்கார்ந்தான். சுப்புலக்ஷ்மி அடுக்களை வாசலில் வந்து நின்று, மாதக்கணக்கில் முதல் தடவையாக மருமகளைப் பார்த்துப் பேசினாள்.

"போய் உக்காரு. ஆள் வந்து காத்துண்டிருக்கான்."

வாலாம்பாள் அடுப்பிலிருந்து உலையை இறக்கி வைத்தாள். நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"யாருக்கு?"

"நோக்குத்தான், வேற யாருக்கு?"

"நான்தான் இல்லையே அம்மா. எல்லாருமா உக்காந்து தீர்மானம் பண்ணினேளே, இல்லேன்னு. இல்லாதவ தலையை அவன் எப்படிச் சிரைப்பான்?"

சுப்புலக்ஷ்மி வாத்தியாரைக் கேட்க ஆள் அனுப்பினாள். வாத்தியார், தனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினார். கூடத்தில் புதுசாகப் பிறந்தவன் இலை முன்னால் உட்கார்ந்து, "ரசம் இன்னும் வரலையா?" என்று கேட்டான். வாலாம்பாள் எடுத்துக்கொண்டு போய் ஊற்றினாள். அந்தத் தலையை அவனுக்கு நேரே குனிந்து காட்டிக்கொண்டுதான் ஊற்றினாள். அவன் சாப்பிட்டு எழுந்திருக்கிற வரை முகத்தை நிமிர்த்தவில்லை.